தெரேசம்மா அக்காவின் இத்தாலிக் கார்

அந்தக் கார் எனக்கு வர வேண்டியது. முதலிலேயே அதைச் சொல்லிவிடுகிறேன். அதை மனதுக்குள் வைத்துக்கொண்டு தெரேசம்மா அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதினால் எழுத்து நிற்காது.

எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் வைத்திருந்த கார் அது. இத்தாலியில் செய்த பியட். என்னைவிட அதற்கு வயது கூட. சாம்பல் நிறம், உருண்டை முகம், கியர்த் தடி ஸ்டியரிங்கோடு ஒட்டியிருக்கும். முன் கதவுகள் மற்றக் கார்களின் கதவைப் போலத் திறக்காது. கீல் பின்பக்கம். பூட்டுச் சரியாக விழாவிட்டால் ஓடும்போது காற்று பிடித்துக் கதவை அப்படியே விரித்துவிடும். நான் தோட்டத்து லொறி டிரைவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தக் காரைக் கழுவித் துடைத்து, ஐயாவையும் அவர் சம்சாரத்தையும் எஹலியகொட டவுனுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தேன். கூலி கேட்டதில்லை. "நான் போனதுக்குப் பொறகு இது ஒனக்குத்தான்டா நல்லையா" என்று ஐயா தன் வாயால் சொன்னார். ஒரு தடவை இல்லை, எத்தனையோ தடவை.

பிறகு ஐயா பாரிசவாதத்தில் விழுந்தார். பேச்சு போயிற்று. ஆளும் போனார். அவர் சம்சாரம் கொழும்பில் மகனோடு இருக்கப் புறப்பட்டபோது காரை யாருக்குக் கொடுத்தார்? தெரேசம்மா அக்காவுக்கு. றப்பர் ஸ்டோரில் ஷீட்டைப் புகையில் தொங்கவிடுகிற பொம்பிளைக்கு. கார்க் கதவை எந்தப் பக்கம் இழுப்பது என்று தெரியாதவளுக்கு.

நான் நியாயம் கேட்கப் போனேன். அக்கா தண்ணீர்ப் பீலியடியில் நெத்தலி அலசிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீ என்னா செஞ்ச தம்பி ஐயாவுக்கு?"

"எத்தன வருஷம் காரக் கழுவியிருக்கேன் அக்கா!"

"நீ காரக் கழுவுன. நான் ஆளக் கழுவுனேன்."

ஐயா படுக்கையில் கிடந்த காலம் முழுக்க, ஸ்டோர் வேலை முடிந்த கையோடு போய் அவரைத் திருப்பிப் போட்டு, துடைத்து, மலசலம் எடுத்தது அக்காதான். அது எனக்கும் தெரியும். தெரிந்தால் மட்டும் ஆறிவிடுமா? மூன்று வருஷமாகிறது. வாக்குக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்ட கிளாக்கர் ஐயா மேல் எனக்கு இன்னும் அந்தக் கோபம் இருக்கிறது.

பழைய கார் தேடி அலைகிற கொழும்புக்காரர்களுக்கு விற்றுவிடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அக்கா விற்கவில்லை. நான் நியாயம் கேட்ட மறுநாள் காலை என் வாசலில் வந்து நின்றாள்.

"மெரினா முழுகாம இருக்கா தம்பி."

நான் உள்ளே போகத் திரும்பினேன்.

"இந்தத் தடவ புள்ளைய நல்லபடியாக் கீழ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சேக்கணும். அதுக்குத்தான் எனக்கு இந்தக் காரு. வேற ஒண்ணுக்கும் இல்ல. நீதான் ஓட்டணும்."

மெரினா அக்காவின் ஒரே மகள். புருஷன் சாள்ஸும் அதே றப்பர் ஸ்டோரில்தான் வேலை. மெரினாவின் முதல் பிரசவத்தை நினைத்தால் இப்போதும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பேச்சு நின்றுவிடும். அன்றைக்கு நல்ல மழை. திரீவீல் சேற்றில் சறுக்கிப் பாதி வழியில் குடைசாய்ந்தது. அங்கிருந்து மெரினாவைக் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். தாய் பிழைத்தாள். பிள்ளை வழியிலேயே போய்விட்டது. மலையடியில் இருக்கும் பாலத்தடிக் கடையின் வாங்குப் பலகையில் அந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். லொறியைக் கொழும்பிலிருந்து திருப்பிக்கொண்டு வந்த நான் அதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு மெரினா திரீவீலில் ஏறியதே இல்லை.

அக்கா வாசலில் நின்று கேட்கும்போது அந்த வாங்குதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே சரி என்றேன். கோபம் ஒரு பக்கம் கிடக்கட்டும்.

எங்கள் பாறைக்காட்டுத் தோட்டத்து ரோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கீழே றப்பர், ஏற ஏறத் தேயிலை. எங்கள் மேற்பிரிவு லயத்திலிருந்து பாலத்துக்கு ஒரே ஒரு ரோடு. முதலில் கொஞ்சத் தூரம் சாதாரணச் சரிவு. பிறகு முனியாண்டி. மரத்தடியில் ஒரு சூலமும் கல்லும்தான். அந்த இடத்தில் மட்டும் ரோடு சற்றுச் சமமாகும். அதைத் தாண்டினால் பாலம் வரைக்கும் வளைவுக்கு மேல் வளைவு. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். எந்த வண்டியும் முனியாண்டியிடம் நிற்காமல் இறங்காது. சூடம் கொளுத்த நேரமில்லாதவன்கூட வண்டியை ஒரு தடவை முழுசாக நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் போவான். வருஷத்துக்கு ஒரு தடவை மாரியம்மன் தேரும் இதே ரோட்டில்தான் கீழ்ப்பிரிவுக்கு இறங்கும்.

இந்த ரோட்டில் அந்தக் கிழட்டுக் காரை முதல் தடவையாக லயத்துக்கு ஏற்றினேன். அக்கா முன் சீட்டில் இருந்தாள். இரண்டாம் வளைவில் அவள் பக்கத்துக் கதவு பட்டென்று விரிந்தது. கீழே பள்ளம். அக்காவின் ஒரு கால் வெளியே தொங்கியது. நான் ஒரு கையால் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு செபமாலையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். லயத்துக்கு வந்ததும் முதல் வேலையாகக் கதவுப்பிடியில் கொடிக்கயிற்றைக் கட்டினாள். அதற்குப் பிறகு எப்போது காரில் ஏறினாலும் அந்தக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டுதான் உட்காருவாள்.

லயத்தில் சிரிப்பு. அடுத்த வீட்டு வெள்ளையம்மாவுக்கு வாய் சும்மா இராது.

"என்னாடி தெரேசம்மா, காரு வாங்கிட்ட. ஓடுமா, இல்ல முட்டதான் போடுமா?"

அவள் சொன்னதிலும் பிழையில்லை. பின் சீட்டில் கோழி அடைகாத்திருந்தது.

"இது பாப்பரசர் ஊருல செஞ்ச காருடி. கைவிடாது."

"அப்பிடியா! அப்ப அதுக்குத் தமிழ் வெளங்காதே. லத்தீன்ல பூச வச்சாத்தான் கெளம்பும்."

அக்காவும் சிரித்தாள். ஆனால் அவள் காரைத் தாண்டிப் போகும்போதெல்லாம், கட்டிப் போட்ட மாட்டைத் தாண்டுகிற மாதிரி ஒதுங்கித்தான் போவாள். அது எனக்குத் தெரியும்.

எனக்கும் பயம் இருந்தது. காரணம் கதவு அல்ல. பிரேக். மிதித்தால் பஞ்சு மாதிரி இறங்கியது. இரண்டு மூன்று தடவை அடித்து மிதித்தால்தான் பிடித்தது. டவுனில் கராஜ் வைத்திருக்கும் நிஸார் நானாவிடம் கொண்டுபோனேன். அவர் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார்.

"கப் எல்லாம் தேஞ்சு போய் ஈக்கி நல்லையா. இதுக்குச் சாமான் இங்க இல்ல. கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைக்குச் செல்லி வெக்கிறன். இந்தியாவுல ஈந்து வரணும். அது வரைக்கும் மலைக்கு ஏத்த வாணாம்."

கப் என்றால் சக்கரத்துக்குள் பிரேக் எண்ணெயை அடைத்துப் பிடிக்கிற சின்ன றப்பர் மூடி. பெருவிரல் நகம் அளவுதான் இருக்கும். அது போனால் எண்ணெய் கசியும், பிரேக் போய்விடும். நான் இதை அக்காவுக்கு விளக்கிச் சொன்னேன். கார் கராஜிலேயே நிற்கட்டும் என்றும் சொன்னேன்.

"கீழ நின்னா யாருக்குப் பிரயோசனம்? புள்ள நோவு மேலதான வரும்" என்றாள் அக்கா.

காரை மெதுவாக ஏற்றிக்கொண்டு வந்து, லயத்துத் தலைப்பில் கீழ்முகமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தேன்.

சாமான் வரவில்லை. மெரினாவின் வயிறு வளர்ந்துகொண்டிருந்தது. காலையில் லொறிக்குப் போகுமுன் காரை ஒரு தடவை ஸ்டார்ட் செய்துவிட்டுப் போவேன். இன்ஜின் ஒரு தட்டில் கிளம்பும், அதில் குறை இல்லை. அப்புறம் பிரேக்கில் கால் வைத்துப் பார்ப்பேன். அது பழையபடி பஞ்சாக இறங்கும். இருபது வருஷம் இந்த மலையில் லொறி ஓட்டியவன் நான். லொறி கவிழ்ந்தால் நானும் கொஞ்சம் றப்பர் ஷீட்டும் போவோம், அவ்வளவுதான். இது அப்படி இல்லை. மெரினா பீலிக்குத் தண்ணீர் எடுக்கக் காரைத் தாண்டிப் போகும்போது ஒரு கையால் பானட்டைத் தொட்டுவிட்டுப் போவாள். அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் பயமாக இருக்கும்.

இடையில் றக்வானைப் பக்கம் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டு வந்தேன். திரும்பி வந்து பார்த்தால் பிரேக் கல்லு மாதிரி நின்றது. ஆள் கணக்கெடுக்கிற மஸ்டர் களத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டினேன். மிதித்த இடத்தில் பிடித்தது.

"நிஸார் நானா ஆள் அனுப்புனாரா அக்கா?"

"எல்லாம் சரியாப் போச்சு தம்பி" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பு ஊதினாள். சாள்ஸ் எழுந்து வெளியே போனான்.

நான் அதை நம்பினேன். எனக்கு நம்பத்தான் ஆசை.

ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் முந்தியே வந்து படுக்கச் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வாரத்துக்கும் முந்தியே நோவு வந்துவிட்டது. மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்த கிழமை அது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். மழை நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரி மருத்துவச்சியான மிட்வைப் மிஸ் போனில் சொன்னார்: அம்பியுலன்ஸ் பாலத்துக்கு வந்துவிடும், ஆனால் ரோட்டில் பாதி சரிந்து கிடப்பதால் பெரிய வண்டி மேலே ஏற முடியாது, எப்படியாவது பாலத்துக்குக் கொண்டுவந்து விடுங்கள்.

கோழியை விரட்டி, பின் சீட்டில் கம்பளி விரித்து மெரினாவைக் கிடத்தினோம். அவள் தலை அக்காவின் மடியில். சாள்ஸ் முன்னால். அவன் பிரேக்கில் வைத்த என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளைக்காரனுக்குப் பயம் வராமல் இருக்குமா என்று நினைத்துக்கொண்டேன்.

மெரினா குலுங்கக் கூடாது என்று பிரேக்கிலேயே காலை வைத்து வைத்து நத்தை மாதிரி இறக்கினேன். ஒவ்வொரு குழிக்கும் அவள் முனகினாள். முனியாண்டியடி தெரிந்தது.

"நிறுத்தாத தம்பி, நேரப் போ" என்று அக்கா பின்னாலிருந்து சொன்னாள். "மாதா இருக்கா. பாத்துக்குவா."

"ஒரு நிமிஷம் அக்கா. நிக்காம எறங்குனதே இல்ல."

நிறுத்துவதற்காக மிதித்தேன். கால் தரைவரைக்கும் போனது.

மறுபடி மிதித்தேன். ஒன்றுமே இல்லை. காலுக்குக் கீழே வெறும் தகரம். கார் சூலத்தைத் தாண்டி ஓடியது. ஹேன்ட் பிரேக்கை இழுத்தேன். அது பேருக்குத்தான் பிரேக். கியர்த் தடியை முதல் கியருக்கு அடித்து, ஸ்டியரிங்கை மண்மேட்டுப் பக்கம் ஒடித்தேன். முன் மட்காட் மண்ணில் புதைந்து கார் நின்றது. இருபது அடி தள்ளி முதல் வளைவு. அந்த இடத்தில் ரோட்டில் பாதி இல்லை. மழையில் அறுந்துபோய்ச் செம்மண் தெரிந்தது.

முனியாண்டிக்காக மிதிக்காமல் விட்டிருந்தால் அந்த வளைவில்தான் பிரேக் போனது எனக்குத் தெரிந்திருக்கும்.

சாள்ஸ் அழுதான். "மாமா, கப் நான்தான் போட்டேன் மாமா."

"என்னா கப்பு?"

"சாமான் வரல்ல. நாள் கிட்ட வந்திருச்சி. ஸ்டோர்ல நல்ல தடிச்ச ஷீட்டாப் பாத்து, பழைய கப்ப வச்சி அளவெடுத்து வெட்டிப் போட்டேன். அத்தைதான் ஷீட்டு தெரிஞ்சி தந்தாங்க. நல்லாத்தான மாமா பிடிச்சிச்சி…"

அக்கா மகளின் தலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

எங்களுக்கு றப்பர் தெரியும். பால் வெட்டத் தெரியும், உறைய வைக்கத் தெரியும், உருளையில் போட்டு ஷீட் அடித்துப் புகையில் காயவைக்கத் தெரியும். அக்கா ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே ஒன்றாம் தரம், இரண்டாம் தரம் பிரிப்பாள். ஆனால் லொறியில் ஏற்றி அனுப்பினால் அதோடு எங்கள் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு கந்தகம் சேர்த்து வேகவைத்தால்தான் அது சூட்டைத் தாங்கும், இல்லாவிட்டால் இளகிப் பசையாகிவிடும் என்று மலையில் யாருக்குத் தெரியும்? நாலு தலைமுறையாகப் பால் வெட்டுகிறவர்கள், நம்ம றப்பர் போதும் என்று நம்பினார்கள். பிறகு சக்கரத்தைக் கழற்றியபோது உள்ளே கப் இல்லை. தொதல் இனிப்பு மாதிரி இழுபடுகிற ஒரு கறுப்புப் பசைதான் இருந்தது.

நான் அவர்களைத் திட்டவில்லை. திட்ட நேரம் இல்லை. "ஓடு, ஆள் கூட்டிட்டு வா, தூக்கிட்டு எறங்குவோம்" என்றேன்.

"தூக்கிட்டு வேணாம்" என்றாள் அக்கா. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "தூக்கிட்டுப் போய்த்தான் மொதப் புள்ளைய விட்டோம். காருதான். எப்பிடியாவது காருதான்."

சாள்ஸ் லயத்துக்கு ஓடினான். மெரினாவுக்கு நோவு விட்டு விட்டு வந்தது, பிறகு விடாமலே வந்தது. ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். குடையும் சாக்கும் தலையில் போட்டுக்கொண்டு பாதி லயம். ஆளுக்கொரு யோசனை, ஒன்றும் உருப்படி இல்லை. வெள்ளையம்மா காரைச் சுற்றி வந்தாள். நான் அவளுடைய வாய்க்காகக் காத்திருந்தேன்.

"ஏன்டா நிக்கிறீங்க? மாரியாத்தா தேரு எறங்குறதில்லயா இந்த ரோட்டுல? அது பிரேக்குப் போட்டா எறங்குது? வடத்த எடுத்திட்டு வாங்கடா!"

கோவில் கொட்டகையிலிருந்து தேர் வடம் வந்தது. சறுக்குக்கட்டைகள் வந்தன. வடத்தைப் பின் அச்சில் சுற்றிக் கட்டி, காரை மண்ணிலிருந்து பின்னுக்கு இழுத்தெடுத்தோம். தேரை இறக்குகிறபோது பின்னால் பிடிக்கிற அதே ஆட்கள் பின்னால் பிடித்தார்கள். பொம்பிளைகளும் பிடித்தார்கள், தேரில் அதற்கு வழக்கமில்லை. பின் சக்கரம் இரண்டுக்கும் இரண்டு பேர் கட்டையோடு. ஒரு கட்டையை சாள்ஸ் எடுத்தான். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

முதல் கியர். இன்ஜின் முனகிக்கொண்டு காரைப் பிடித்தது. "கட்டை!" என்று குரல் கொடுத்தால் இரண்டு பேரும் சக்கரத்துக்கு முன்னால் கட்டையை வைப்பார்கள். கார் முட்டி நிற்கும். பின்னால் வடத்தை இறுக்கிப் பிடித்ததும் கட்டையை எடுப்பார்கள். மறுபடி நாலு முழம். மறுபடி கட்டை. கண்ணாடியில் மழை. வைப்பர் ஒன்றுதான் வேலை செய்தது. அறுந்த வளைவில் வெளிச் சக்கரம் மண்ணோரத்தில் போனது. அது நெருநெருவென்று உதிர்வது எனக்கு உள்ளங்காலில் தெரிந்தது. மூச்சு விட்டால் கார் சாய்ந்துவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நடு வளைவில் வடம் வழுக்கியது. பின்னால் பத்துப் பேர் சேற்றில் விழுந்த சத்தம் கேட்டது. கார் பாய்ந்தது. "கட்டை! கட்டை!" சாள்ஸ் வைத்த கட்டை தெறித்தது. அவன் அதைப் பாய்ந்து பிடித்து மறுபடி சக்கரத்துக்கு அடியில் திணித்தான். எலும்பு நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். கட்டைதான், கை அல்ல. இரண்டு விரல் மட்டும் நசுங்கியது. கார் நின்றது.

பின்னால் திரும்பிப் பார்த்தேன். அக்கா ஒரு கையால் மகளையும் ஒரு கையால் முன் கதவிலிருந்து பின்னால் இழுத்துச் சுற்றிய கயிற்றையும் பிடித்திருந்தாள். கயிறு அறுத்து உள்ளங்கையில் ரத்தம். உதடு மட்டும் செபம் சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணை அன்றைக்கு மூடவில்லை.

"என்னயப் பாக்காத. ரோட்டப் பாரு" என்றாள்.

பாலத்தடியில் கடைக்காரச் சிங்கள அம்மா குடையோடு வெளியே வந்து எங்களைப் பார்த்தாள். முன்னால் கார், பின்னால் வடம், சேறு பூசிய ஐம்பது பேர். "மேக்க பெரஹெரக்த?" என்று கேட்டாள். இது என்ன பெரஹரா ஊர்வலமா என்று. யாரோ சிரித்தார்கள். எனக்குக் கை ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை. இரண்டு பேர் வந்து விரலைப் பிரித்தெடுத்தார்கள்.

அம்பியுலன்ஸ் நின்றது. மெரினாவை மாற்றினார்கள். நசுங்கிய விரலோடு சாள்ஸும் கூட ஏறினான், வேறு ஆளுக்கு இடமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் பொம்பிளைப் பிள்ளை. அழுதது. அது அழுத சத்தத்தை மிட்வைப் மிஸ் போனில் போட்டுக் காட்டினார். அக்கா கடை வாங்கில், அதே வாங்கில், உட்கார்ந்து கேட்டாள். அப்புறம் எழுந்து போய்ப் பாலத்துக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்தாள்.

சாமான் அதற்குப் பிறகுதான் வந்தது. நிஸார் நானா ஒழுங்காகப் பூட்டிக்கொடுத்தார். சாள்ஸ் வெட்டிய கப்பின் பசையைச் சுரண்டி எடுத்துப் பார்த்தவர் சிரிக்கவில்லை. "அல்லாஹ்தான் காப்பாத்தினான்" என்று மட்டும் சொன்னார். ஆக மாதாவும் முனியாண்டியும் மாரியாத்தாவும் போதாமல் அல்லாஹ்வையும் சேர்த்துக்கொண்டோம்.

வேலை முடிந்தது, இனி விற்றுவிடுவாள் என்று நினைத்தேன். அக்கா ஒரு சட்டம் போட்டாள். கார் எப்போதும் லயத்துத் தலைப்பில் கீழ்முகமாக நிற்க வேண்டும். பெற்றோல் குறையக் கூடாது. கலியாணத்துக்கு இல்லை, படத்துக்கு இல்லை, சந்தைக்கு இல்லை. நோவு வந்தவளுக்கு, பாம்பு கடித்தவனுக்கு, மூச்சு முட்டினவனுக்கு மட்டும். அந்த வருஷம் எத்தனையோ பேரை இறக்கினேன். பிரேக் பிடித்தது. ஆனால் அக்காவுக்குப் பயம் போகவில்லை. கார் கிளம்பினால் திரும்பி வருகிற வரைக்கும் வாசற்படியை விட்டு எழும்ப மாட்டாள். சோறு ஆறிப்போகும். திரும்பி வந்து நான் சாவியை நீட்டினால், "ஆள் இருக்கா?" என்பாள். இருக்கு என்றால் எழும்பிப் போவாள். எனக்கும் அதே கதைதான். முனியாண்டியிடம் நிறுத்த மிதிக்கும்போது, இன்றைக்கும், கால் கூசும்.

கார் வந்து வருஷம் திரும்புகிற நேரம் மறுபடி அடைமழை. ஸ்டோருக்குப் பின்னால் வடிகான் உடைத்துத் தண்ணீர் நின்றது. அக்கா அதில் வெறுங்காலோடு நின்று ஷீட் அள்ளினாள். காய்ச்சல் வந்தது. பெனடோல் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். கெண்டைக்கால் வலி என்றாள். கண் சிவந்தது. மூன்றாம் நாள் வெள்ளையம்மா ஓடி வந்தாள். "நல்லையா, அவ கண்ணு மஞ்சளா இருக்கு. என்னயத் திட்டக்கூடப் பலம் இல்ல அவளுக்கு. வா."

அக்கா காரில் ஏற மாட்டேன் என்றாள். வெள்ளையம்மாவின் மருமகள் தர்மிளாவுக்கு நிறைமாசம், கார் இங்கே நிற்க வேண்டும் என்றாள். நான் கேட்கவில்லை. தூக்கி முன் சீட்டில் வைத்தேன். கொடிக்கயிற்றைக் கையில் சுற்றப் பார்த்தாள். சுற்ற முடியவில்லை. நான் சுற்றிவிட்டேன். அந்தக் கை கொதித்தது.

ஆஸ்பத்திரியில் எலிக்காய்ச்சல் என்றார்கள். சிறுநீரகம் நின்றுவிட்டது என்றார்கள். உள்ளே கொண்டுபோனார்கள். நான் வெளியே நின்றேன். நாலாம் நாள் அக்கா போய்விட்டாள். உள்ளே போன பிறகு என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியது எல்லாம் வழியில்தான், முனியாண்டியடியில்.

அன்றைக்கும் நிறுத்தினேன். மிதித்தேன், பிடித்தது. அக்கா கண்ணைத் திறந்தாள்.

"நின்னுச்சா?"

"நின்னுச்சு அக்கா."

"தம்பி, நான் செத்தா…"

"சும்மா வாங்க அக்கா. நேரத்தோட கொண்டு போயிருவேன்."

"கேளு. பேசவிடு. என்னய மண்ணுக்குக் கொண்டு போற அன்னைக்கு லயமே பின்னால வரும். ஆம்பிளைங்க எல்லாரும் பெட்டியத் தூக்க வந்துருவாங்க. அந்த நேரம் பாத்துத் தர்மிளாவுக்கு நோவு வந்தா யாரு இருக்கா?"

நான் அவள் கையிலிருந்த கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கினேன்.

"பெட்டியக் கார்ல ஏத்த விடாத. தோளுல தூக்கட்டும். நீ வர வேணாம், மண்ணு போட வேணாம். காரக் கீழ்மொகமா நிறுத்தி, சாவியப் போட்டு, உள்ளயே உக்காந்திரு. என்னயப் பொதச்சிட்டு எல்லாரும் திரும்பி லயத்துக்கு வர்ற வரைக்கும் எறங்காத."